எஃப் எழுத்துக்கு ஒரு நிமிஷம்

1

“ஃபோர்க், ஃப்ரிட்ஜ், ஃபிஷ், ஃப்ரூட், ஃபேன், ஃப்ளோர், ஃபர்னிச்சர், ஃப்ரேம், ஃபாதர், ஃபேமிலி, ஃப்ரெண்ட்...” என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போகிறார் என் வீட்டுக்காரர். கூடவே விரல் விட்டு எண்ணிக்கொள்கிறார். ஒரே கல்யாணத்துக்குப் பத்துப் புடவை விற்ற நாளில் வீட்டுக்கு வருவாரே, அந்தச் சிரிப்பு முகத்தில்.

எதிரே ஞாபகசக்தியைச் சோதிக்கிற டாக்டரம்மா. பேனாவைக் காகிதத்துக்கு மேலே பிடித்திருக்கிறார், எழுதவில்லை. பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்புக்கு வந்த சுபா என்கிற யாழ்ப்பாணத்துப் பெண். நான் சுவரோரமாக ஒரு நாற்காலியில். வாயைத் திறக்கக் கூடாது, கண்ணால்கூட ஜாடை காட்டக் கூடாது என்று எனக்கு உத்தரவு. இவர் இனிமேல் கார் ஓட்டலாமா கூடாதா என்பது அந்த மேசையில்தான் தீர்மானமாகப் போகிறது.

அந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக அவர் வாயில் ஊட்டியவள் நான். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி ஒரு மாசம் உட்கார்ந்து ஊட்டினேன். ஊட்டியது தப்பு என்று அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது.

“கனடா எப்படி இருக்கு கிரேஸு, எழுது எழுது” என்று ஊரிலிருந்து நீங்கள் கேட்கும்போதெல்லாம் பனியைப் பற்றியும் பெரிய கடைகளைப் பற்றியும் எழுதி ஒப்பேற்றினேன். இந்தத் தடவை எழுதுவது அது இல்லை. படித்துவிட்டு ஐயோ பாவம் என்று போன் போடாதீர்கள். சும்மா கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

2

எல்லாம் பால் வாங்கப் போனதில் ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, “தோ, பால் வாங்கிகினு வந்துர்றேன்” என்று சாவியை எடுத்தார். கடை ஐந்து நிமிஷ தூரம். பதினொன்று ஆச்சு, பன்னிரண்டு ஆச்சு. எதிரில் யாராவது பிடித்திருப்பார்கள், இவருக்குத்தான் வாய் சும்மா இருக்காதே என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மணிக்கு எங்கள் பொண்ணு எஸ்தர் போன் பண்ணினாள். “அம்மா, போலீஸ் எனக்குக் கூப்பிட்டாங்க. அப்பா எங்கயோ இருக்காரு.”

எங்கேயோ என்றால், ஒரு மணி நேரம் தள்ளி இருக்கிற வேறு ஊர். ஒரு சோபாக் கடை வாசலில் கார் ஒழுங்காகக் கோட்டுக்குள் நிற்கிறது. பெல்ட் போட்டபடி, இரண்டு கையும் ஸ்டியரிங்மேல், இவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறாரே என்று கடைக்காரப் பெண்தான் போலீஸைக் கூப்பிட்டிருக்கிறாள். போலீஸ்காரர் கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கிறார்: “ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் மை வைஃப், சார். ஷீ இஸ் பர்ச்சேசிங்.”

நான் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

எஸ்தர் கூட்டிக்கொண்டு வந்தாள். “பால் எங்கங்க?” என்றேன். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. “கடை மூடிகினு இருந்துச்சு கிரேஸு” என்று செருப்பைக் கழற்றினார். நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். நம்பினால் தேவலை என்று இருந்தேன். பெரணமல்லூரில் என் சித்தி ஒருத்தி சொல்வாள்: “ஓட்டைப் பானைன்னு தெரிஞ்சாலும் தண்ணி ஒழுகுற வரைக்கும் குடம்தான்.”

போலீஸ் விஷயம் எங்கள் குடும்ப டாக்டருக்குப் போய், அங்கேயிருந்து இந்த டாக்டரம்மாவுக்குப் போய், ஒரு கடிதம் வந்தது. சோதனையில் தேறினால் லைசென்ஸ் இருக்கும், தேறாவிட்டால் போய்விடும்.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றும். எங்களுக்கு அப்படி இல்லை. ஐம்பத்தெட்டு வயசில் இங்கே வந்து இறங்கியவர். அதுவரை அவர் ஓட்டியது ஒரு பழைய மொபெட். இங்கே டிரைவிங் டெஸ்ட்டில் இரண்டு தடவை ஃபெயில், மூன்றாவது தடவை பாஸ். ஏழு வருஷம் ஒரு குடோனில் பெட்டி அடுக்கினார். அந்த வேலை நின்ற பிறகு கார்தான் அவருக்கு வேலை. நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையல்கட்டில் காய் நறுக்குகிறேன். காலை ஆறரைக்கு அங்கே இருக்கணும், அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. பனியைச் சுரண்டி, காரைச் சூடு பண்ணி, கொண்டுபோய் விடுவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மூன்று விதவைப் பெண்களை ஏற்றிக்கொண்டு போவார். புதன்கிழமை பேத்தி லியாவை நீச்சல் வகுப்புக்கு. லைசென்ஸ் போனால் அவருக்குக் காலையில் எழுந்திருக்கக் காரணம் இல்லை, எனக்கு வேலைக்குப் போக வழி இல்லை. அவ்வளவுதான்.

3

முதல் சோதனைக்குப் போன அன்று இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. எந்த மொழியில் பேச விருப்பம் என்று ஃபாரத்தில் கேட்டிருந்தது. நான் ‘தமிழ்’ என்று காட்டினேன். “சும்மா இரும்மே” என்று தட்டிவிட்டு ஆங்கிலத்துக்கு நேரே டிக் போட்டார்.

கடிகாரம் வரையச் சொன்னார்கள், வரைந்தார். ஒட்டகத்தைக் காட்டினார்கள், சொன்னார். பிறகு டாக்டரம்மா சொன்னார்: எஃப் எழுத்தில் தொடங்குகிற வார்த்தைகள் உங்களுக்கு எத்தனை தெரியுமோ அத்தனையும் சொல்லுங்கள், ஒரு நிமிஷம்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்துவிட்டது. இது என்ன பெரிய கேள்வி, இவரைப் போய்க் கேட்கிறார்களே என்று.

இவர் எழுந்து நின்றார். வாத்தியார் கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்கிற பழக்கம், அறுபது வருஷமாகியும் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டார்.

“எஃப்-ஏ-டி-இ, ஃபேடு. ஃபேடுன்னா சாயம் போறது. தி கலர் வில் நாட் ஃபேடு, மேடம்.” ஒரு மூச்சு. “எஃப்-ஏ-ஐ-எல், ஃபெயில். ஃபெயில்னா தவறிப்போறது. எஃப்-ஏ-ஐ-டி-எச், ஃபெய்த். ஃபெய்த்னா விசுவாசம். ஐ ஹேவ் ஃபெய்த் இன் யூ.”

இப்படி ஒவ்வொன்றுக்கும் எழுத்து, சொல், அர்த்தம், பிறகு ஒரு வாக்கியம். டாக்டரம்மாவின் முகம் குழம்புகிறது. கடிகார முள் ஓடுகிறது. நிமிஷம் முடிந்தபோது ஐந்து வார்த்தை ஆகியிருந்தது. இன்னும் ஐந்தாறாவது சொல்லியிருக்க வேண்டுமாம்.

என்னால் பொறுக்க முடியவில்லை. என்னுடைய ஆங்கிலம் உங்களுக்குத் தெரியும். வீடு கூட்டிப் பெருக்க ஆகும், விருந்தாளிக்குப் பரிமாற ஆகாது. அதை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போனேன். “டாக்டர், மை பிளேஸ், வேர்ட் அலோன் நோபடி சே. ஸ்பெல்லிங், மீனிங், சென்டென்ஸ், ஆல் டுகெதர். தென் ஒன்லி மார்க்!”

நல்ல பெண் அவர். என்னைத் தடுக்காமல் கடைசி வரை கேட்டார், எழுதிக்கொண்டார். இது வழக்கத்தின் தப்பா, ஞாபகத்தின் தப்பா என்று தெரிய வேண்டும், அடுத்த மாசம் மொழிபெயர்ப்பாளரை வைத்து மறுபடி பார்ப்போம், அதுவரை அவர் காரைத் தொட வேண்டாம் என்றார்.

வெளியே வந்ததும் இவர் கேட்டார். “அஞ்சுக்கும் மீனிங் கரெக்டுதானே?”

“கரெக்டுங்க.”

“அப்புறம் ஏன் அந்தம்மா மூஞ்ச அப்படி வச்சிகினு இருந்தாங்க?”

4

நான் டாக்டரிடம் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. உங்களில் எத்தனை பேர் ‘வேர்ட் மீனிங்’ ஒப்பிக்காமல் படித்தீர்கள்? நோட்டுப் பக்கத்தின் நடுவில் ஒரு கோடு, இந்தப் பக்கம் ஆங்கில வார்த்தை, அந்தப் பக்கம் தமிழ் அர்த்தம். வார்த்தையைத் தனியாகச் சொன்னால் “உன் மாமியாரா வந்து மீனிங் சொல்லுவா?” என்று பிரம்பு கேட்கும்.

இவர் படித்தது எட்டாவது. ஆரணியில் ஒரு பட்டுக் கடையில் சேல்ஸ்மேனாகச் சேர்ந்தார். வேலூர் ஆஸ்பத்திரிக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் கார் வைத்துக்கொண்டு கண்ணமங்கலம் வழியாகப் புடவை வாங்க வருவார்கள். வெள்ளைக்காரம்மா வாயைத் திறந்ததும் மற்ற சேல்ஸ்மேன்கள் எல்லாருக்கும் திடீரென்று மாடியில் வேலை வந்துவிடும். இவர் மட்டும் நிற்பார். புரியாத வார்த்தையைப் பில் துண்டின் பின்னால் தமிழில் கிறுக்கிக்கொள்வார். மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் அதைப் பழைய டிக்‌ஷனரி ஒன்றில் தேடுவார்.

இதில் அவருக்கு ஒரு வழக்கம். தேடின வார்த்தையோடு நிறுத்த மாட்டார். அதற்கு மேலே இருக்கிற நாலு, கீழே இருக்கிற நாலு, எல்லாவற்றையும் நோட்டில் ஏற்றிக்கொள்வார். கேட்டால், “ஒருத்தர் வீட்டுக்குப் போனா அக்கம்பக்கத்த விசாரிச்சுகினு வர்றதில்லியா, அந்த மாதிரி” என்பார். அதனால் அவருடைய ஆங்கிலம் முழுக்க ஒரே எழுத்தில் ஆரம்பிக்கிற வார்த்தைகள் தெருத் தெருவாகக் குடியிருக்கிற ஊர் மாதிரி இருக்கும். சைக்கிளில் போகும்போதும் வரும்போதும் ஒப்பிப்பார். என் சித்தி ஒரு தடவை வந்திருந்தபோது அதைக் கேட்டுவிட்டு, “இன்னாத்துக்குடி உன் புருஷன் ஒரே மாதிரி வார்த்தையா பொறுக்கிகினு கெடக்காரு?” என்றாள். “எழுத்துதான் சித்தி ஒண்ணு, அர்த்தம் வேற வேற” என்றேன். “அது சரி. ஒரே வயித்துல பொறந்ததுங்களே ஒண்ணு போல இல்ல. ஒரே எழுத்துல பொறந்ததுங்களா இருக்கப்போவுது!” என்றாள்.

அடுப்படியில் நின்று காதால் கேட்டே நானும் கற்றுக்கொண்டேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான் அந்தத் தெருக்களில் நாங்கள் நடக்க வேண்டி வந்தது. ஏ-பி-பி தெரு ஒன்று உண்டு. அப்பீல்னா மேல்முறையீடு, அப்ளிகேஷன்னா விண்ணப்பம், அப்பாயின்ட்மென்ட்னா சந்திக்கிற நேரம், அப்ரூவல்னா ஒப்புதல். எங்கள் குடியுரிமைக் காகிதம் பிறந்த தேதிக் குழப்பத்தில் திரும்பித் திரும்பி வந்தபோது இவர் சொன்னார்: “டிக்‌ஷனரிக்காரன் கெட்டிக்காரன் கிரேஸு. அப்ளிகேஷனுக்கு முன்னாடியே அப்பீலை வச்சிருக்கான் பாரு. அப்ரூவல் கடசீல.” அன்றைக்குச் சிரித்தோம்.

இன்னொரு தெரு இருக்கிறது. அதில் இப்போது நான் போவதில்லை. ரிமெம்பர்னா ஞாபகம் வச்சுக்கிறது. ரிமைண்ட்னா ஞாபகப்படுத்துறது. ரிமோட்னா எட்டாத தூரத்துல இருக்கிறது. ரிமூவ்னா எடுத்துட்றது. நாலும் அடுத்தடுத்த வீடு. அவர் நோட்டில் அப்படியே வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். முப்பது வருஷத்துக்கு முந்தின கையெழுத்து.

லியா சின்னப் பிள்ளையாக இருந்தபோது தாத்தா மடியில் உட்கார்ந்து அந்த நோட்டைப் புரட்டுவாள். தமிழ்ப் பக்கத்தை விட்டுவிட்டு ஆங்கிலப் பக்கத்தை மட்டும் படிப்பாள். இப்போது எட்டு வயசு. அவர் வாயைத் திறந்தாலே உச்சரிப்பைத் திருத்துகிறாள். எஸ்தரிடம் கேட்டேன், பிள்ளைக்கு ரெண்டு வார்த்தை தமிழ் சொல்லிக் கொடுக்கக் கூடாதா என்று. “எனக்கே எத்தனை ஞாபகம் இருக்குன்னு தெரியலம்மா” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் சங்கடப்படவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

5

இரண்டாவது சோதனைக்கு ஒரு மாசம் இருந்தது. நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அர்த்தம்தானே இவர் நேரத்தைத் தின்றது? அர்த்தத்தை எடுத்துவிட்டால்?

வீட்டையே பாடமாக்கினேன். சமையல்கட்டில் நின்றுகொண்டு ஃபோர்க், ஃப்ரிட்ஜ், ஃபிஷ், ஃப்ரூட். ஹாலுக்கு வந்து ஃபேன், ஃப்ளோர், ஃபர்னிச்சர், ஃப்ரேம். பிறகு சோபாவில் உட்கார்ந்து ஃபாதர், ஃபேமிலி, ஃப்ரெண்ட், அதோடு இன்னும் பத்து. கடைசி வார்த்தை ஃபினிஷ். மொத்தம் இருபத்திரண்டு. தினம் காலை ஒரு தடவை, சாப்பிட்ட பிறகு ஒரு தடவை.

முதல் வாரம் பெரிய பேஜாராகப் போனது. “ஃபோர்க். ஃபோர்க்னா முள்...”

“மீனிங் சொல்லாதீங்க!”

“ஏன்?”

“டாக்டர் கேக்கல.”

“மீனிங் இல்லாம வார்த்தையச் சொன்னா அது கிளி பேசுற மாதிரிடி. கிளிக்கு லைசென்ஸ் குடுப்பானா?”

“குடுப்பான், சொல்லுங்க!”

அதட்டினேன். நாற்பத்து மூன்று வருஷத்தில் அப்படி நான் அவரை அதட்டியதில்லை. அவர் அர்த்தம் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் கையால் மேசையைத் தட்டினேன். மூன்றாவது வாரத்தில் அர்த்தம் வருவது நின்றுபோனது. வார்த்தைகள் மட்டும் மணி மணியாக விழுந்தன. முப்பது செகண்டில் இருபத்திரண்டு. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

எஸ்தர் ஒரு நாள் வந்தபோது இதைப் பார்த்துவிட்டாள். என்னைச் சமையல்கட்டுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“அம்மா, இது சீட்டிங். தெரியுதா?”

“உங்கப்பா படிச்ச படிப்ப ஞாபகப்படுத்துறேன். அதுல இன்னா சீட்டிங்?”

“புதன்கிழமை அந்தக் கார்ல என் பொண்ணு போறா. அவர் திரும்பவும் எங்கயாவது போய் நின்னா, பின்னாடி சீட்ல லியா இருப்பா. நீ அத யோசிச்சியா?”

“மொபெட்ல உன்ன முன்னாடி நிக்க வச்சி கண்ணமங்கலம் வரிக்கும் கூட்டிகினு போனவரு. ஒரு கீறல் பட்டுச்சா உனக்கு?”

“அந்த அப்பாவுக்கு நான் இப்பவும் லியாவைக் குடுப்பேன்” என்றாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. “நீயும் அந்த அப்பாவத் தேடிகினுதான் இருக்க. ஒத்துக்கத்தான் மாட்டேங்கற.”

எஸ்தர் தமிழை மறந்துவிட்டாள் என்று குறை சொன்னேன் இல்லையா? ஆரணிப் பேச்சில் ‘தேடிகினு’ என்று அவள் சொல்லிக் கேட்டது அன்றுதான், வருஷக்கணக்குக்கு அப்புறம். அதற்காகச் சந்தோஷப்படக்கூட எனக்கு நேரமில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். எஸ்தரிடம் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. அதே வாரம் ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார். ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “கிரேஸு, அது கொஞ்சம் போடு.”

“எது?”

“அதான்... வெள்ளையா...” விரலைத் தேய்த்துக் காட்டினார். “அதான்டி. கடல்லேர்ந்து...”

உப்பு. மூன்றே எழுத்து. ஆங்கிலமும் இல்லை, நம்முடைய சொல். நான் எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டார், சாப்பிட்டார். பாத்திரங்களைக் கழுவப் போட்டேன். கழுவி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஹாலுக்கு வந்து, “சரி, ஆரம்பிங்க, ஃபோர்க்...” என்றேன்.

குழியில் விழுந்த மாட்டைக் கயிறு போட்டுத் தூக்கலாம், விழவே இல்லை என்கிறவனை எந்தக் கயிற்றால் தூக்குவது என்று எங்கள் சர்ச் பெரியவர் ஒருவர் சொல்வார். அன்றைக்கு அந்த விழவே இல்லை என்கிறவள் நான்தான்.

6

இரண்டாவது சோதனை அன்று எஸ்தர்தான் எங்களை ஏற்றிக்கொண்டு வந்தாள். லியாவைப் பள்ளியிலிருந்து அழைக்கணும் என்று எங்களை இறக்கிவிட்டுப் போனாள். வாசலில் இறங்கும்போது இவர் என்னிடம், “ஃபோர்க்லதானே ஸ்டார்ட்டு?” என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

சுபாவைக் கண்டதும் இவருக்கு உற்சாகம். “நீங்க எந்த ஊரும்மா?” “பருத்தித்துறைப் பக்கம், ஐயா.” “நாங்க ஆரணி. பட்டுக்குப் பேர்போன ஊரு. உங்க கல்யாணத்துக்கு எங்க ஊர்ப் புடவைதான் எடுக்கணும், சொல்லிட்டேன்.” “எனக்குக் கலியாணம் முடிஞ்சு ரெண்டு பிள்ளையள் ஐயா.” “அப்போ பிள்ளைங்க கல்யாணத்துக்கு!” டாக்டரம்மா என்னவென்று கேட்க, சுபா மொழிபெயர்க்க, அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்படிப் பேசுகிற மனுஷனுக்கா ஒன்று வரப்போகிறது என்று ஒரு தைரியம்.

பெயர் கேட்டார்கள், சொன்னார். கிழமை கேட்டார்கள். கொஞ்சம் யோசித்து, “உங்களுக்குத் தெரியாதாம்மா?” என்றார். சுபா அதை மொழிபெயர்த்தபோது யாரும் சிரிக்கவில்லை.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. சுபா நாற்காலியை அவர் பக்கம் திருப்பி, நிதானமாகச் சொன்னாள்: “ஐயா, நான் சொல்லுறத வடிவாக் கேளுங்கோ. ‘ம’ எண்ட எழுத்தில தொடங்கிற தமிழ்ச் சொல்லுகள் உங்களுக்கு எத்தினை தெரியுமோ அத்தினையும் சொல்லுங்கோ. ஒரு நிமிசம் இருக்கு. தமிழில. விளங்குதோ?”

“விளங்குதும்மா” என்றார்.

என் தலைக்குள் மரம், மாடு, மழை, மஞ்சள், மல்லி, மாமா, மாமி, மிளகு, மீன் என்று திருவிழாக் கூட்டம் மாதிரி முட்டிக்கொண்டு வருகிறது. எதையாவது ஒன்றை அவர் பிடித்துக்கொண்டால் போதும். ஒன்று வந்தால் அக்கம்பக்கம் தானாக வந்துவிடும், அவர் கற்ற விதமே அதுதானே. மரம் சொல்லுங்க, மரம் மட்டும் சொல்லுங்க என்று உள்ளே கத்துகிறேன். வாயைத் திறக்கக் கூடாது.

அவர் எழுந்து நின்றார். கையைக் கட்டினார். என்னை ஒரு பார்வை பார்த்தார், நீ சொன்ன மாதிரியே செய்கிறேன் பார் என்கிற பார்வை.

“ஃபோர்க்” என்று ஆரம்பித்தார்.

சுபா, “ஐயா...” என்றாள். டாக்டரம்மா, விடு என்று கையைக் காட்டினார். இவர் நிற்கவில்லை. சமையல்கட்டு முடிந்தது, ஹால் முடிந்தது, சோபா முடிந்தது. ஒரு இடத்தில்கூடத் திணறல் இல்லை. ஒரு அர்த்தம் சேர்க்கவில்லை. ஒரு வாக்கியம் இல்லை. நான் தட்டித் தட்டி உதிர்த்த மரம், ஒரு இலை இல்லாமல் நின்றது. “ஃபினிஷ்” என்று முடித்தார். கடிகாரத்தில் இன்னும் அரை நிமிஷம் பாக்கி இருந்தது.

சுபா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “ஐயா, நான் கேட்டது தமிழ்ச் சொல்லு. ‘ம’வில தொடங்கிறது.”

“சொல்லிட்டேனேம்மா” என்றார் இவர். “இருபத்திரெண்டு. ஒண்ணுக்குக் கூட மீனிங் சேக்கல. கிரேஸு அப்படித்தான் சொல்லச் சொல்லிச்சு.”

டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் பேர் தெரியும். அவர் சுபாவிடம் எதுவும் கேட்கவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். எவ்வளவு அழுத்தினாலும் அழுகை நிற்குமா?

இவர் என் முகத்தைப் பார்த்தார். முப்பது வருஷம் கடையில் முகம் பார்த்தவர்; எந்தப் பெண் வாங்குவாள், எந்தப் பெண் ஆசையிருந்தும் எழுந்து போவாள் என்பதை அவள் சொல்வதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார். கிழமை போனாலும், உப்பு போனாலும், அது அவரை விட்டுப் போகவில்லை. அவர் சிரிப்பு மெதுவாக இறங்கியது. சுபாவைப் பார்த்தார். டாக்டரம்மாவின் பேனாவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். “தப்பா சொல்லிட்டனா, கிரேஸு?” என்று கேட்டார்.



அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்தார். லைசென்ஸ் அட்டையை உருவி, வேட்டி நுனியால் துடைக்கிற பழைய பழக்கத்தில் சட்டை ஓரத்தால் இரண்டு பக்கமும் துடைத்தார். பிறகு பேர் டாக்டரம்மாவுக்கு நேராகத் தெரிகிற மாதிரித் திருப்பி, மேசைமேல் வைத்து, ஒரு விரலால் அவர் பக்கம் தள்ளினார்.